அடைப்பு எடுக்கப் போன வீடுகள்

கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிற எங்களை எந்த வீட்டிலும் வாசலில் காக்க வைப்பதில்லை; பெல்லில் கை வைப்பதற்கு முன்பே கதவு திறந்துவிடும்.

குளிக்கும்போது இறங்கிப் போக வேண்டிய தண்ணீர் கணுக்கால்வரை ஏறி வந்து நிற்பதைப் பார்த்தவரா நீங்கள்? சமையலறையில் துணி துவைக்கிற மெஷின் தண்ணீரைக் கொட்டினால், அந்தப் பக்கம் டாய்லெட் கோப்பை குடுகுடுவென்று சத்தம் போடுகிறதா? அப்படியென்றால் என் கஷ்டம் உங்களுக்கும், உங்கள் கஷ்டம் எனக்கும் புரியும். ஒரு குழாய் மட்டும் அடைத்தால் அது சின்னத் தலைவலி. வீட்டில் எல்லாம் சேர்ந்து மக்கர் பண்ணினால், எல்லாக் குழாயும் போய்ச் சேருகிற மெயின் லைனில் கோளாறு. பழைய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

என் பெயர் ஸ்டெல்லா. நீளமான கேபிளின் நுனியில் இருக்கும் சின்னக் கேமராவைக் குழாய்க்குள் விட்டு, அடைப்பு எங்கே, எதனால் என்று திரையில் பார்த்துச் சொல்வது என் வேலை. கூட வருகிற பாலு, ஸ்பிரிங் மெஷினையும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினையும் பார்த்துக்கொள்வார். அவர் மெஷினைப் போட்டுவிட்டால் அவருக்குக் காது கேட்காது. அதனால் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற பொறுப்பும் என் தலையில்தான்.

பிளம்பர் எப்போது வருவார்?

எங்கள் கம்பெனியில் முதலில் நான் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா வேலைக்கு மாறிய புதிதில், சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பழைய வீட்டுக்குப் போனேன். பாலு வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த பெரியவர் என்னைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா, உக்காருங்க. பிளம்பர் எப்ப வருவாரு?" என்றார். நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, பின்பக்கம் போய் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக் கேமராவை உள்ளே விட்டேன். பெரியவர் பதறிப்போய், "அவரு வர்றதுக்குள்ள நீங்க ஏம்மா கஷ்டப்படுறீங்க?" என்றார். வியர்க்க வியர்க்க மெஷினைத் தூக்கிக்கொண்டு பாலு வந்து சேர்ந்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் பாலுவிடம் விளக்கினார். பாலு பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்கக்கா இருக்கு?" என்றார். முன்கேட்டுக்குக் கீழே ஈரத் துடைப்புத்தாள்கள் பந்தாகச் சுருண்டு நின்றதைக் காட்டினேன். பிடித்து இழுத்ததும் தண்ணீர் இறங்கியது. கிளம்பும்போது பெரியவர் பாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவ வரும்போதும் இந்த அம்மாவ மறக்காமக் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி."

தலையில் ஷாம்பு

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீடு. கீழே ரெஜினா அக்காவின் சாப்பாட்டுக் கடை, மேலே சின்ன ஹோட்டல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெயின் லைன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானஸ்நான விருந்துக்குப் பிரியாணி ஆர்டர் எடுத்திருந்தார். ஆட்டிறைச்சி நறுக்கியாகிவிட்டது, அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, சமையலறைத் தரை முழுக்க அழுக்குத் தண்ணீர். இந்தத் தரையில் சமைக்க முடியாது, விருந்துக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. ரெஜினா அக்கா கையில் ஜெபமாலையோடு அடுப்பங்கரை மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

குழாய்க்குள் எண்ணெய் இறுகி, மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பாலு தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ ஷவரைத் திறக்க, மொத்தமும் பாலு மேல் வந்தது. அதற்குப் பிறகு, யாரும் தண்ணீரைத் திறக்காமல் மாடிப்படியில் காவல் நிற்பது என் வேலை. ஹோட்டல் ஊழியர் அறை அறையாகத் தட்டி, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குளித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர் மட்டும், இடுப்பில் துண்டும் தலை நிறைய ஷாம்பு நுரையுமாகப் படியில் வந்து நின்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவரும் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நுரை நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது.

கீழேயிருந்து இதைப் பார்த்த ரெஜினா அக்காவுக்குத் தன் கவலை மறந்துபோனது. பிரியாணிக்கு வைத்திருந்த வெந்நீரில் கொஞ்சம் எடுத்து விளாவி, ஒரு காலி வாளியையும் தூக்கிக்கொண்டு படியேறினார். அந்தப் பையனை வாளிக்கு நேராகக் குனியச் சொல்லி, தன் கையாலேயே தலையில் ஊற்றி அலசிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே அடைப்பும் விட்டது. தரையைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, விருந்துக்குப் பிரியாணி சரியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் தட்டு அந்த இளைஞருக்கு. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ரெஜினா அக்கா சொன்னார்: "ஞானஸ்நானம் புள்ளைக்கு மட்டும்னு நெனச்சேன், இவருக்கும் சேத்து ஆயிடுச்சு."

பார்த்துப் பார்த்துப் போட்ட டைல்ஸ்

கிளமெண்டியில் ஒரு பழைய தரைவீட்டை வாங்கி, ரெனொவேஷன் முடித்துக் குடிவந்திருந்தார்கள் கார்த்திக்கும் தீபாவும். தீபாவுக்கு நிறைமாதம். குடிவந்த சில நாட்களிலேயே எல்லா வடிகாலும் நின்றுவிட்டது. கேமராவை விட்டால் கொஞ்ச தூரத்திலேயே சாம்பல் நிறச் சுவர். வேலை முடிந்து மிச்சமான சிமெண்டை யாரோ குழாயில் கழுவி ஊற்றியிருக்கிறார்கள், அது உள்ளேயே கல்லாகிவிட்டது. ஸ்பிரிங் அதை ஒன்றும் செய்யாது. தரையை உடைத்து அந்தத் துண்டுக் குழாயையே மாற்ற வேண்டும். அந்த இடம் சரியாக வரவேற்பறையின் நடுவில்.

கார்த்திக் தரையைப் பார்த்தார். அந்த டைல்ஸை அவரே கடை கடையாக ஏறி இறங்கி, சாம்பிள் கொண்டுவந்து, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம். "வேற வழியே இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். காண்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. குழந்தை எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம், வீட்டில் டாய்லெட் இல்லை. "சரி, உடைங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்து போய்விட்டார். கல்யாணப் பெண்ணை அனுப்பி வைக்கிற அப்பா மாதிரி இருந்தது முகம்.

தீபா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கொய்யாப்பழம் சாப்பிட்டபடி பாலு உடைப்பதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் குழாய் மாற்றி முடிந்தது. அதே டைல்ஸ் கடையில் தீர்ந்துபோய்விட்டதாம், கூடம் முழுக்க வேறுதான் போட வேண்டும் என்று கார்த்திக் சோர்ந்துபோய்ச் சொல்லிவிட்டு வெளியே போனார். தீபா என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, எனக்கு இந்த டைல்ஸ் அப்பவே பிடிக்கல லா."

மதியச் சாப்பாடு

வேலை முடிந்து நாங்கள் உடை மாற்றிக்கொண்டுதான் சாப்பிடப் போவோம். இருந்தாலும் பூட்ஸில் ஒட்டிய வாடை எங்கேயும் போகாது. ஒருநாள் உணவங்காடியில் சரியான கூட்டம். நாங்கள் ஒரு மேசை ஓரத்தில் உட்கார்ந்ததும், எதிரே இருந்த அலுவலகப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாதிச் சாப்பாட்டோடு எழுந்து வேறு இடம் போனார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பாலு தன் தட்டையும் தண்ணீர் போத்தலையும் தாராளமாக விரித்து வைத்துவிட்டு, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சாப்பிடுங்கக்கா, நமக்கு மட்டும் எப்பவும் டேபிள் கெடைக்குது பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கம்

ஆங் மோ கியோவில் பழைய வரிசை வீடு ஒன்று. வீட்டுக்காரர் சிவபாலன் ஐயா ஓய்வுபெற்ற கணக்கர், பூர்வீகம் யாழ்ப்பாணம். அவர் மனைவி பரமேஸ்வரி அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்து மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்த நேரம். மாடி ஏற முடியாது. கீழே இருந்த ஒரே டாய்லெட்டிலும் முந்தின நாளிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. மேசையில் வைத்திருந்த தண்ணீரை அந்த அம்மா தொடவே இல்லை. கேட்டதற்கு, "தாகம் இல்லைப் பிள்ளை" என்றார். ஏன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பின்பக்க வேலியை ஒட்டி, பழைய மண்குழாயின் இணைப்பில் வேர் புகுந்து தலைமுடிக் கற்றை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமிருந்து விட்ட ஸ்பிரிங் நடுவில் இருந்த வளைவில் மாட்டிக்கொண்டது. அடுத்த மேன்ஹோல் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் இருந்தது, அங்கிருந்து விட்டால் நேராகப் பிடித்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டு மேடம் கோவுக்கும் இவர்களுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. சிவபாலன் ஐயா வீட்டு மாமரத்து இலை வேலி தாண்டி விழுவதில் ஆரம்பித்த சண்டை. "நீங்கள் போய்க் கேளுங்கோ. நான் அந்த வாசலை மிதிக்க மாட்டன்" என்றார் ஐயா.

போய்க் கேட்டேன். மேடம் கோ கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கோபமே இல்லாமல் ஆங்கிலத்தில், "அவர் வந்து கேட்கட்டும், திறக்கிறேன்" என்றார். திரும்பி வந்து சொன்னேன். "அப்ப வேற வழி பாருங்கோ" என்று ஐயா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழி என்றால் நாள்கணக்கில் தோண்ட வேண்டும். அந்த அம்மாவால் அதுவரை தாங்க முடியாது. மறுபடியும் போய் மேடம் கோவிடம் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தேன். பரமேஸ்வரி அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தன்னந்தனியாக வாசலுக்கு வந்திருந்தார். வெயிலில் கேட்டைப் பிடித்தபடி நின்றார். எதுவும் கேட்கவில்லை.

மேடம் கோ உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார். என்னைக் கடந்து நேராக அந்த அம்மாவிடம் போய், முழங்கையைப் பிடித்து, "வா, என் டாய்லெட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூட்டிக்கொண்டு போனார். அடைப்பு அவர் வீட்டுக்கு முன்பே இருந்ததால் அவருக்குத் தொந்தரவு இல்லை. கேட் திறந்தபடியே இருந்தது. பூந்தொட்டிகளை நகர்த்திவிட்டு பாலு அங்கே வேலையைத் தொடங்கினார்.

வேர் கொத்துக் கொத்தாக வந்தது. சுத்தமான குழாயில் மறுபடி கேமராவை விட்டபோது, வேர் நுழைந்த வெடிப்பு திரையில் தெளிவாகத் தெரிந்தது. சிவபாலன் ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது எங்கட மரமோ?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். "அவவின்ட வீட்டுக் குழாய்தான் பழுதெண்டு நினைச்சன்." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மெல்ல அந்தப் பக்கம் போய், தொட்டிகள் நகர்ந்த இடத்தில் சிந்திக் கிடந்த மண்ணைக் கூட்டினார். நாங்கள் மெஷினைத் துடைத்து வேனில் ஏற்றும்வரை பரமேஸ்வரி அம்மா வரவில்லை. கடைசியில் மேடம் கோவின் தோளைப் பிடித்துக்கொண்டு, முகம் தெளிந்து வந்தார். "இவ்வளவு நேரமும் அங்க என்ன செய்தனீர்?" என்று ஐயா கேட்டார். அந்த அம்மா கேட்டருகே விட்டுப்போன வாக்கரை நிதானமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "தேத்தண்ணி குடிச்சனான். வந்து கேட்டிருந்தா உங்களுக்கும் தந்திருப்பா."

இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் நான் கண்டது, தண்ணீர் இறங்கிவிட்டால் எல்லாரும் நல்லவர்கள்தான், அது இறங்குகிற வரைக்கும் எதிரில் நிற்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.