ஓரத்துச் சிவப்பு நூல்

ஆள்காட்டி விரல் துணியின் மேல் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கிறது. அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓடுகிறது. நெய்த துணியில் பிழை பார்ப்பவர் இந்த அக்கா. சிவப்பு நூலக்கா என்றால்தான் எங்கள் தறிக்கூடத்தில் தெரியும். ஒரே துணியில் எட்டு முடிச்சு விழுந்தால், நெய்தவரின் தறி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

எதிர் மேசையில் துணி மடிக்கும் எனக்கு இவரைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. தொட்டே ஆளைச் சொல்வார். "இது நெட்டையன் நெய்தது. பசி வந்துட்டா அவனுக்குக் கவனம் நிக்காது" என்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஜன்னல் திரையைத் தடவிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். யாராவது கெஞ்சினால், "நூலுக்கு ஆளு தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவார்.

கடைசித் தறி அவர் கணவருடையது. போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு கை நடுங்குகிறது. இழை அறுந்ததைக் கண்டு, கை போய்த் தறியை நிறுத்துவதற்குள் துணி நாலு விரற்கடை ஓடிவிடும். அவர் துணியிலும் அக்காவின் விரல் நிற்கும், ஆனால் சிவப்பு நூல் எடுக்காது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனதும், விட்டுப்போன இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்துச் சேர்ப்பார். கொண்டுவந்த சோறு தொடப்படாமலே வீட்டுக்குத் திரும்பும். எனக்கென்ன வந்தது என்று நானும் பார்க்காததுபோல இருந்தேன். எட்டு மாதம் இப்படியே போனது.

போன வாரம் நெட்டையன் துணியில் எட்டாவது முடிச்சு விழுந்தது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேசையருகே வந்து நின்று, "உங்க வீட்டுக்காரர் துணியில ஒரு சிவப்பு நூலுகூடப் பாத்ததில்லையேக்கா" என்று மட்டும் சொன்னான். தறிகளின் இரைச்சலில் கடைசித் தறிவரை அது கேட்டிருக்காது என்று நினைத்தேன். இரைச்சலிலேயே காலம் தள்ளுகிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் கணவர் தன் துணியைத் தானே சுமந்து வந்து மேசையில் வைத்தார். ஓரம் நெடுக அவரே கட்டிய சிவப்பு நூல்கள். பதினொன்று இருந்தன.

"எதுவும் விட்டுப்போச்சான்னு பாத்துக்கோ" என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. விரல் மெல்ல ஓடி, ஓரிடத்தில் நின்றது. நடுங்கும் கை போட்ட முடிச்சு ஒன்று அவிழ இருந்தது. அக்கா அதை இழுத்து இறுக்கினார்.