இடிந்த மாதா கோயிலில் வெறுங்கால்

எங்கள் வீட்டார் ரங்கூனில் பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஒத்துவராமல் போனால் அக்கம்பக்கம் சிரிக்கும் என்று பயம். அதனால் பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்தது போல நடிப்பார்கள். எனக்காக என் அத்தை தேர்ந்தெடுத்த இடம் ஆற்றுக்கு அக்கரையில், தன்லினில், போர்த்துகீசியர் காலத்துச் செங்கல் மாதா கோயில். கூரை எப்போதோ போய்விட்டது. சுவர்களும் கல்லறைப் பலகைகளும்தான் மிச்சம். பெண் வீடு பக்கத்துத் தெரு.

"அங்க ஒரு பய வர மாட்டான்டா" என்றாள் அத்தை.

ஆடு வந்திருந்தது. நாய் வந்திருந்தது. வெற்றிலை மெல்லும் ஜனங்களும் திரளாக வந்து போயிருந்தார்கள்.

டீக்கடைக் கோப்பையைக் கைக்குட்டையால் துடைக்காமல் குடிக்காத ஆசாமி நான். வயது முப்பத்தைந்து. லான்மடாவில் பெயின்ட் கடை. இந்தப் பெண்ணும் வேண்டாமென்றால் மிச்சக் காலம் பெயின்ட் டப்பாக்களோடுதான் குடித்தனம்.

வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். இந்த ஊரில் புத்தர் பகோடா இடிந்து கிடந்தாலும் வெறுங்காலோடுதான் நுழைவோம், கால் தானாகவே கழற்றிவிடுகிறது. தெருவிலிருந்து தனியாக வந்து சேர்ந்த பெண் செருப்போடு உள்ளே போனாள். திரும்பிப் போய் மாட்டிக்கொள்ளக் கௌரவம் இடம் தரவில்லை. அத்தை வெளியிலேயே நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாலடியில் ஆட்டுப் புழுக்கை. மழை ஓய்ந்த ஈரத்தில் அது விரலிடுக்கில் பிதுங்கியது. வளைவுச் சுவர் இடுப்புயரத்துக்கு வெற்றிலைச் சாறு. புதிய சாறு பழைய சாற்றின் மேல் வழிந்துகொண்டிருந்தது. பலிபீடம் இருந்த மூலையில் யாரோ மீன்குடல் பையைப் போட்டிருந்தார்கள். பை அசைந்தது. புழு. ஒரு கல்லறைப் பலகை காய்ந்த இடமாகத் தெரிந்தது. நிம்மதியாக ஏறி நின்றேன். காய்ந்தது மேலாக மட்டும்தான். நாயின் உபயம்.

"செருப்பு எங்கங்க?" என்றாள்.

"பக்தி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒன்னு கேக்கணும். அத்தை சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க அப்பா படுத்த படுக்கை. எல்லாம் நான்தான் அள்ளணும், தொடைக்கணும். எனக்கு வேற யாரும் இல்ல, அவரும் என்கூட வருவாரு. நான் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிட்டா, நீங்க செய்வீங்களா?"

வீரமாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். காற்று திரும்பி மீன்குடல் வாடையைக் கொண்டுவந்தது. பதிலுக்குப் பதிலாகக் காலையில் சாப்பிட்ட மொஹிங்கா முழுவதும் வந்தது. மீன்குழம்பு நூடுல்ஸ் உள்ளே போகும்போதுதான் அழகு.

அவள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

"பாத்தீங்கல்ல" என்றேன், வாயைத் துடைத்துக்கொண்டு. "இதுதான் நான். செய்வேன், ஆனா இப்படி வாந்தி எடுத்துக்கிட்டேதான் செய்வேன்."

"யாபாடே, பரவாயில்ல. முன்னாடி வந்தவரு அப்பா பேச்சை எடுத்ததுமே பஸ் ஏறிட்டாரு" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள்.

கல்யாணமான வாரம், அவள் சமையற்கட்டில் இருந்தபோது என் முறை வந்தது. துணியும் வெந்நீருமாக மாமனார் பக்கத்தில் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்வையை விலக்கினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்த அந்த மனிதர் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்:

"அம்மாடி, எனக்கு ஒன்னும் அவசரமில்ல. பேசின் சட்டியை மொதல்ல மாப்பிள்ளைக்குக் குடு!"