அவுட் ஆனவன் உள்ளே வரலாம்

"ஏழுமலை போய்ட்டாண்ணே" என்று டீக்கடை ஜமால் பாய் சொன்னபோது கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கீழ்பென்னாத்தூரில் பிறந்து டிவியில் கபடி ஆடின ஒரே ஆள். கல்லீரல் கெட்டுப்போயிருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீ ஆறுவதற்குள் அடுத்த செய்தியும் வந்தது. இந்த வருஷம் ஊர் மேட்சில் அவன் படம் வைக்கப்போவதில்லையாம், பேரைக்கூடச் சொல்லப்போவதில்லையாம். குடிகாரன், அடிதடிக்காரன், பசங்க கெட்டுப்போவார்களாம். கமிட்டி முடிவு.

அவனோடு ஆடினவர்களே, அவனுக்குக் கை தட்டினவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

செங்கம் ஃபைனல் ஞாபகம் இருக்கும். கடைசி ரைடு. எதிர் டீம்காரன் 'கபடி கபடி' என்று பாடி வந்து திரும்பும்போது அவன் விரல் ஏழுமலையின் முழங்கையை உரசிவிட்டது. கோட்டோரமே நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை. நடுவருக்கும் தெரியவில்லை. இவனே அவுட் என்று கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். ஒரு பாயிண்டில் கோப்பை போனது. வேனில் வரும்போது பசங்க வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவன் சொன்னது இவ்வளவுதான்: "நடுவருக்குத் தெரியல, சரி. என் தோலுக்குத் தெரியுதில்ல?"

பெரிய டீமில் ஆடிக்கொண்டிருந்தபோது ஊருக்கு வந்தவன், வேங்கிக்கால் பக்கம் குடித்துவிட்டு, ஆட்டோக்காரன் செல்வத்தை அடித்தான். முன்பல் போய்விட்டது. தப்புதான், அதை நான் கழுவப் பார்க்கவில்லை. ஊர்ப் பெரிய மனுஷர்கள் பேசி அமுக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் ஏழுமலையே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனான். அத்தனை பேர் பார்க்க, செல்வத்தின் எதிரில் நின்று, களத்தில் தூக்குகிற மாதிரியே கையைத் தூக்கினான். "நான் அவுட்டு" என்றான். யாரோ அதைப் போனில் பிடித்துப் பரப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் டீமை விட்டு எடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஆடியிருப்பான்.

குடியை அவன் விடவில்லை. ரோட்டோரத்தில் இருந்து நானே தூக்கி வந்திருக்கிறேன். "எத்தனையோ பேர் பிடியிலேர்ந்து வந்துட்டேன் மாமா, இவன் மட்டும் விடமாட்டேங்கிறான்" என்பான்.

சாவு வீட்டுக்குக் கமிட்டித் தலைவர் மாலையோடு வந்தார். படம் விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பாடை தூக்க நின்ற செல்வம் திரும்பினான்.

"உடஞ்சது என் பல்லு. நான் விட்டுட்டேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

தலைவர் மாலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். முடிவை மாற்றவில்லை.

ஆட்டக்காரன் களத்துக்கு வெளியே செய்ததைப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். கை தூக்கினதையும் சேர்த்துப் பேசுங்கள். கபடியில் அவுட் ஆனவன் கடைசி வரைக்கும் வெளியே உட்காருவதில்லை. அவன் டீமில் ஒருத்தன் பாடிப் போய்ப் பாயிண்ட் எடுத்தால் திரும்ப உள்ளே வருவான். இவனை உட்கார வைத்தீர்கள். இவனுக்காக ஒருத்தரும் பாடிப் போகவில்லை.

நான் பாடிப் போகிறேன். அந்தக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான்தான். மேட்ச் அன்று முதல் ரைடுக்கு முன்னால் நடுக்கோட்டில் நின்று, கையைத் தூக்கி, "ஏழுமலை, உள்ள வாடா" என்று கூப்பிடுவேன். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தூக்கின கைதான். வேண்டாதவர்கள் வந்து இறக்கிப் பார்க்கட்டும்.