வியாகுலம்மாள் கேட்ட இரண்டாவது சான்றிதழ்

எலும்பு கட்டலாம், சாப்பாடு சொல்லக் கூடாது. சர்க்கார் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். அதை இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் நீட்டியிருந்தார்கள். எழுபத்தொன்றாம் வருடம் ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், ராயபுரத்தில் எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, அதை நான் வியாகுலம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அம்மாளோ முந்தானையால் விசிறிக்கொண்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சங்கத்தில் குமாஸ்தா. பெயர் அருள்பிரகாசம். முன்கோபி என்று பேர் வாங்கியவன். ஆனால் அன்றைக்கு நான் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

வியாகுலம்மா அக்காவுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. அவள் கணவர் லூர்து வீட்டில் எலும்புக் கட்டு மூன்று தலைமுறைத் தொழில். ஆனால் லூர்து அண்ணனுக்கு யாராவது ‘ஐயோ’ என்று கத்தினாலே கண் இருட்டிக்கொண்டு வரும். அவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி எண்ணப் போய்விட்டார். கட்டு, வாழ்க்கைப்பட்டு வந்தவள் கைக்கு வந்தது. மூட்டை சரிந்து விழுந்தவன், கிரேன் சங்கிலி அடித்தவன், கட்டுமரம் கவிழ்ந்து முழங்கை பிசகியவன், முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாதவன், எல்லாரும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். எலும்பை இழுத்துச் சேர்த்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாள். அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பிக்கும். பிரண்டைத் துவையல் அரை, முருங்கைக்கீரை போடு, கேழ்வரகுக் கூழ் குடி, நெத்திலியை முள்ளோடு மென்று தின்னு. சாராயம் தொட்டாயானால் கட்டைப் பிரித்து வீசிவிடுவேன். கட்டுக்கு அரை மணி நேரமென்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்.

பதிவு இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அந்த வருடம் கெடுபிடி வந்தது. காயம்பட்ட தொழிலாளி வேலைக்குத் திரும்பவும் பதிவு பெற்றவரின் கையெழுத்து கேட்டார்கள். அக்காவுக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். பத்து வருட அனுபவத்துக்குச் சாட்சி, இரண்டு பெரிய மனிதர்களின் கடிதம், நேர்முகம் என்று எல்லாம் தாண்டி, கடைசியில் எலும்புக்குப் பதிவு கிடைத்தது. கிடைத்ததோடு வால் ஒன்றும் சேர்ந்து வந்தது. நோயாளிக்கு உணவு முறையோ பத்தியமோ சொல்ல மாட்டேன் என்று அக்கா உறுதிமொழி எழுதித் தர வேண்டும். உணவு வைத்தியத்துக்குத் தனிச் சான்றிதழ். அதற்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஆறு மாதம் பயிற்சி வகுப்பு, அதில் ஆஸ்பத்திரி வார்டில் இருபத்துநாலு நாள், முடிவில் வாய்மொழித் தேர்வு.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கக்கா. உங்க வூட்டுக்குள்ள நீங்க இன்னா சொல்றீங்கன்னு எவன் வந்து கேக்கப் போறான்?” என்றேன்.

“போட்டுட்டு அப்பால பொய் பண்ணச் சொல்றியா நைனா? நான் போட்டா போட்டதுதான். அந்த ரெண்டாவது பேப்பரு வர்ற வரிக்கும் சாப்பாட்டப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்.”

“ரெண்டாவது பேப்பருக்கு எட்டாங்கிளாஸ் கேக்கறான். நீங்க படிச்சது அஞ்சு.”

“ஆறு, ஏழு, எட்டு. மூணுதானே பாக்கி கீது?” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பேஜாராகப் போயிற்று. கட்டு முடிந்ததும் ஆட்கள் வழக்கம்போலக் காத்திருப்பார்கள். “இன்னாக்கா, ஒண்ணும் சொல்லல? இன்னா துன்றது நானு?” என்று கேட்பார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, “பெரியாஸ்பத்திரியில கேளு, எனக்குச் சொல்ல உரிமையில்ல” என்பாள். அவன் போன பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். யாரும் ஒட்டுக் கேட்கவில்லை, யாரும் புகார் கொடுக்கவும் இல்லை. வீட்டுக்குள் லூர்து அண்ணன் கால் வலி என்றபோது கூடக் கீரையை ஆக்கி வைத்தாளே தவிர, எதற்கென்று சொல்லவில்லை. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் மரியாதையாகவும் இருந்தது.

படிப்புக்கு டோல்கேட்டில் பஸ் மாறிக் காலடிப்பேட்டைக்குப் போனாள். அங்கே ஞானசெல்வி என்று ஒரு டீச்சர், திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக்காரர் சம்சாரம், வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தமிழ், சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் ஒழுங்காக ஏறியது. கணக்குதான் முரண்டு பிடித்தது. முதல் தடவை கணக்கில் பதினெட்டு மார்க். விட்டுத் தொலையுங்கள் என்று கத்தினேன். “உனக்கு இன்னாத்துக்குக் கோவம்? பரீச்சை எழுதனது நானு” என்றாள். அடுத்த தடவை நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தது நான்தான், அவள் இல்லை.

பயிற்சி வகுப்பு பட்டணத்துக்குள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பாவாடை தாவணிப் பிள்ளைகள். கலோரி, புரதம், சுண்ணாம்புச் சத்து என்று கிராம் கணக்கில் பாடம். அக்கா ஒரு நோட்டு முழுக்க எழுதி வந்து என்னிடம் ஒப்பிப்பாள். ஒரு நாள் வந்தவள் ஒப்பிக்கவில்லை. முகம் சுண்டியிருந்தது.

“கட்டுப் போட்டவனுக்குப் பாலும் மோரும் ஆகாதுன்னு இருவது வருஷமா சொல்லிக்கினு இருந்தேன் அருளு. குளிர்ச்சி, வீக்கம் வைக்கும்னு. எலும்புக்கு வேண்டியதே அதுலதான் கீதாம். எத்தினி பேருக்குத் தடுத்தேனோ.”

“விடுங்கக்கா, உங்களுக்குச் சொல்லித் தந்தவங்க அப்டிச் சொன்னாங்க.”

“சொன்னவங்க செத்துட்டாங்க. தடுத்தது நானு.” நோட்டை மூடி வைத்துவிட்டாள். தனிச் சான்றிதழ் கேட்டவர்களைத் திட்டுவதை அன்றோடு நான் குறைத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவில்லை.

எழுபத்துமூன்று நவம்பரில் வாய்மொழித் தேர்வு. துணைக்கு நான் போயிருந்தேன். அறைக்குக் கதவு கிடையாது, பாதித் திரைதான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. கேள்வி கேட்டவர் ஒரு பெண் டாக்டர்.

“கால் எலும்பு முறிஞ்ச ஆள், நாற்பது வயசு. என்ன உணவு சொல்வீங்க?”

“மொதல்ல, நேத்து இன்னா சாப்புட்டேன்னு கேப்பேம்மா.”

“அது பாடத்துல இல்லையே. பட்டியலைச் சொல்லுங்க.”

அக்கா கடகடவென்று சொன்னாள். கிராம் தவறவில்லை. எனக்கு நிம்மதியாயிற்று. டாக்டரும் அதோடு விட்டிருக்கலாம். “சரி, ஏன் முதல்ல அதைக் கேட்கணும்?” என்றார்.

திரைக்குக் கீழே அக்காவின் கால்விரல்கள் தரையை அழுத்துவது தெரிந்தது.

“அறுவத்தாறாம் வருஷம் சிலுவைமுத்துன்னு ஒருத்தன், ஆர்பர்ல மூட்டை தூக்கறவன், முழங்காலுக்குக் கீழ ஒடைச்சிக்கினு வந்தாம்மா. நேரா சேத்துக் கட்டினேன். கட்டுல ஒரு கொறையும் இல்ல. அது எங்க தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளு. ஒருசந்தி இருப்போம், ஒரு வேளைதான் சாப்பாடு. சீக்காளி இருக்கத் தேவயில்லன்னு கோயில் சாமியாரே சொல்வாரு. ஆனா யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு எங்க சனங்க ஒருத்தர ஒருத்தர் கேக்கமாட்டோம். தபச வெளிய சொன்னா பலன் போய்டும். கேக்கறது அசிங்கம். அதனால நானும் கேக்கல. இத சாப்பிடு, அத சாப்பிடுன்னு சொன்னேன், அவனும் சரி சரின்னான். நாப்பது நாளும் கஞ்சித் தண்ணியிலயே இருந்துகிறான், கால் சேரணும்னு நேர்ச்சை. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கட்டப் பிரிச்சா, எலும்பு சேரவேயில்ல.”

சிலுவைமுத்து எங்கள் சங்கத்துக் காவல்காரன். தினமும் காலை இழுத்துக்கொண்டு வந்து எனக்குக் கேட்டைத் திறந்து விடுகிறவன். அவன் கால் கதை இதுவென்று அதுவரை எனக்குத் தெரியாது.

“இதை நான் எழுதினா உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற பதிவுக்கே ஆபத்து வரலாம். தெரியுமா?” என்றார் டாக்டர்.

“தெரியும்மா. எழுதிக்கங்க. கட்டுல தப்பு இல்லன்னு ஏழு வருஷமா சொல்லிக்கினு கீறேன். கட்டுல இல்லதான். கேக்காததுல கீது தப்பு. அதுக்குத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.”

“இனிமே கேட்டா மட்டும் உங்க ஜனங்க சொல்லிடுவாங்களா? தவத்தைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தெரியலம்மா” என்றாள் அக்கா. எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டியலோடு வாயை மூடியிருக்கக் கூடாதா, கைக்கு எட்டியதைத் தட்டி விட்டீர்களே என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன ஒன்றுகூட அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஜனவரியில் சான்றிதழ் வந்துவிட்டது. தேர்ச்சி. டாக்டர் என்ன எழுதினார், எழுதவில்லை என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு இரண்டரை வருடத்து வாய்ப்பூட்டு திறந்தது. அன்று சாயங்காலம் கட்டுக்கு வந்த ஒருவன் பிரண்டையிலிருந்து மோர் வரைக்கும் ஒன்றே கால் மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடிந்தது.

பிப்ரவரி கடைசியில் தவக்காலம் பிறந்தது. அதன் முதல் நாளான விபூதிப் புதனன்று அக்கா கோயில் சட்டப்படி ஒருசந்தி இருந்தாள். வியாழக்கிழமை காலை, வேலைக்குத் திரும்புகிறவர்களின் தாள்களில் கையெழுத்து வாங்க நான் போனேன். வாசலில் கட்டுப் போட்டவர்கள் ஐந்தாறு பேர். தெருவில் வேறு எந்த வீட்டிலும் காலையில் அடுப்பு எரியவில்லை. அக்கா ஒரு தட்டு நிறைய இட்லியும் மீன் குழம்பும் கொண்டு வந்து, எல்லார் நடுவிலும் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒருவரும் நிமிரவில்லை. லூர்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கே கூச்சமாக இருந்தது.

“நல்லா பாத்துக்கங்க. நான் இந்தத் தபசு காலத்துல ஒருசந்தி இல்ல. நேத்து இருந்தேன், வெள்ளிக்கெழம, பெரிய வெள்ளி இருப்பேன், மத்த நாள்ல துன்னுவேன். என்னோடத வெளிய சொல்லிட்டேன். பலன் போச்சின்னா போவட்டும். இப்ப நீங்க சொல்லுங்க, நேத்து இன்னா சாப்புட்டீங்க?”

யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் தெரு பூராவும் பேச்சு. படிப்பு ஏறிவிட்டதாம், கடவுள் பயம் விட்டுப்போச்சாம். பதினேழு வயதிலிருந்து ஒரு தவக்காலமும் தவறவிடாதவள் அவள். ஞாயிறு பூசையில் அவள் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரவில்லை. கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை மறுபடியும் பலகையைப் போட்டாள், தட்டை எடுத்து வந்தாள், அதையே சொன்னாள், அதையே கேட்டாள்.

தாமஸ் என்ற வின்ச் ஓட்டுகிற பையனுக்குக் காரை எலும்பு முறிந்து வலது கை கட்டில் இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, “அக்கா” என்றான்.

“சொல்லு.”

“புதங்கெழமலேர்ந்து கஞ்சித் தண்ணிதாங்கா. வூட்டுல கூடத் தெரியாது. நேர்ச்சை.”

அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். புதுத் தட்டில் இரண்டு இட்லி வைத்தாள். அவனுக்குச் சாப்பிடக் கை இல்லை. அவளே பிட்டு, குழம்பில் தோய்த்து, அவன் வாயருகே நீட்டினாள். அவன் கோயில் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.