டோக்கன் சீட்டில் ஓர் எச்சரிக்கை

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சின்னச் சின்ன சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். எழுதுவது நானும், பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழியும். ஆர்டர் பிடித்து வருவது முதலாளி.

பீங்கான் சாமான் செய்யும் செராமிக் பட்டறைகளில் பெட்டிமேல் ஒட்டும் லேபிளை அச்சடிக்க ஒரு ப்ரோகிராம். கிளினிக்குகளில் டோக்கன் சீட்டு அச்சடிக்க இன்னொன்று. இரண்டுக்கும் தமிழ் எழுத்தைச் சின்னத் தாளில் ஒழுங்காக இறக்கித் தரும் ஃபைல் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அதை இரண்டிலும் தனித்தனியே காப்பி எடுத்துப் போட்டிருந்தோம். 'கொ' எழுதினால் கொம்பும் காலும் 'க'வை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும். லேபிளில் அதைச் சரிசெய்தால் டோக்கனில் அப்படியே இருக்கும். ஒரே தவறை இரண்டு தடவை திருத்தி அலுத்துப்போய், ஃபைலைப் பொதுவான இடத்துக்கு மாற்றினோம். அதில் யார் கை வைத்தாலும் சர்வர் தானாகவே இரண்டு ப்ரோகிராமையும் புதிதாகத் தயாரித்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் பட்டறைக்காரர் ஒருவர், லேபிளின் அடியில் எச்சரிக்கை வரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். தோழி அந்த வரியைப் பொது ஃபைலிலேயே சேர்த்துவிட்டாள். லேபிள் அழகாக வந்தது. சந்தோஷமாக பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் காலை சேத்தியாத்தோப்பு கிளினிக்கிலிருந்து போன். டோக்கன் கொடுக்கும் பெண் பேசினாள்.

"மேடம், டோக்கன்ல பேருக்குக் கீழ 'உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்'னு வருதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது சண்டை போட்டார்களா என்று கேட்டேன். முதுகுப் பிடிப்புக்கு வந்த ஒருவர் மட்டும், நான் என்ன பீங்கான் கோப்பையா என்று கோபித்துக்கொண்டாராம். முழங்கால் வலிக்கு வந்த அம்மாவோ சீட்டை மகனிடம் நீட்டி, இனிமேலாவது வண்டியை மெதுவாக ஓட்டு என்றாராம். டாக்டர் முதலில் டோக்கன் பெண்ணின் குறும்பு என்று நினைத்து முறைத்துவிட்டு, பிறகு சிரித்தாராம்.

அப்போதுதான் உள்ளே வந்த தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன். வரியை உடனே எடுத்துவிடு என்றேன்.

"எடுத்தா லேபிள்லயும் போயிடுமேப்பா. இன்னிக்கு அங்க லோடு ஏத்துறாங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். இருவரும் உட்கார்ந்து எச்சரிக்கை வரியை லேபிள் ப்ரோகிராமுக்குள் நகர்த்தினோம். பொது ஃபைலுக்கு எழுத்தை இறக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. மதியத்துக்குள் கிளினிக்கில் டோக்கன் பழையபடி வந்தது. லேபிளும் தப்பித்தது.

அதன் பிறகுதான் நிஜமான வாக்குவாதம். ஒவ்வொரு ப்ரோகிராமும் பொது ஃபைலின் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளட்டும், புதியதை நாமாகக் கொடுத்தால் மட்டும் வாங்கட்டும் என்றேன் நான். அப்படியானால் திருத்தம் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, மறுபடி காப்பி காலத்துக்கே போகிறோம் என்றாள் அவள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்தபடியே வாதாடினோம். கடைசியில் எங்கள் முதலாளி, இரண்டு பேருக்கும் சாம்பார் ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

முடிவாக ஒன்றுக்கு வந்தோம். பொது ஃபைல் மாறினால் சர்வர் முன்போலவே எல்லாவற்றையும் தயாரிக்கும். ஆனால் வெளியே அனுப்பாது. எங்கள் மேஜையில் இருக்கும் பிரிண்டரில் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் ஒரு மாதிரிச் சீட்டை அச்சடித்துவிட்டுக் காத்திருக்கும். பார்த்துச் சரி என்றால்தான் போகும்.

முதல் முறை வந்த மாதிரிச் சீட்டில் பேரின் கடைசி எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. தோழிதான் கண்டுபிடித்தாள். "நல்லவேளை, இது நம்ம மேஜையோட நின்னுச்சு" என்று சொல்லிக்கொண்டே திருத்த உட்கார்ந்தாள்.