கிழவிக் கணவாயில் போன சர்க்கரை

ஷீராஸுக்குப் போகும் மலைச்சாலையில் உள்ள காஸரூனில் தேநீர்க்கடை வைத்திருந்தவர், புனித யாத்திரை போய்வந்ததால் மஷ்தி என்று அழைக்கப்பட்ட சஃப்தர். அவர் எந்த வாசலையும் முதல் ஆளாகக் கடந்ததை யாரும் பார்த்ததில்லை. எதிரே வருவது வெங்காயம் விற்கிறவனாக இருந்தாலும் "நீங்க முதல்ல" என்று ஒதுங்கி நிற்பார். அவனும் "நீங்க முதல்ல" என்பான். இரண்டு பேரும் வெயிலில் வியர்த்து நிற்க, உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் தேநீரை அவர் மனைவி கோஹர் எடுத்துக் குடித்துவிடுவாள்.

யாராவது அவருடைய பொருளைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றால், "உங்களோடதுதான், எடுத்துக்குங்க" என்பார். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பார்த்தவன் "ஐயோ, வேண்டாம்" என்று மறுக்க வேண்டும். இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை மறுக்க வேண்டும். பொருள் இருந்த இடத்தில் இருக்கும், இருவருக்கும் மனம் நிறைந்திருக்கும். மூன்றாவது தடவையும் சொன்னால்தான் மெய்யாகவே தருகிறான் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மறுத்தால் கொடுப்பவன் முகத்தில் அறைந்த மாதிரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அன்னியப் படைகள் நாட்டுக்குள் நுழைந்த ஆண்டு, சாலையைக் காத்துநின்ற நம் சிப்பாய்கள் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மலைக்காரர்கள் அந்தத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தார்கள். கிழவிக் கணவாய் வழியாக ஷீராஸுக்குப் போன லாரி எதுவும் ஏற்றிய சுமையோடு போய்ச் சேரவில்லை. ஊரோரம் ஆங்கிலேயர்கள் கூடாரம் போட்டார்கள். அவர்களுடைய சார்ஜென்ட் ஒருவன் ஒருநாள் கடைக்கு வந்து, தேநீரில் பாலை ஊற்றச் சொல்லி எல்லோரையும் கலங்கவைத்தான். பிறகு பித்தளை சமோவாரைத் தட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்று கட்டைவிரலை உயர்த்தினான்.

"உங்களோடதுதான், எடுத்துக்குங்க" என்றார் சஃப்தர், கையை நெஞ்சில் வைத்து.

சார்ஜென்ட் "தேங்க்யூ" என்றான். இரண்டு சிப்பாய்கள் சமோவாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே வெந்நீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கடையில் தகர டப்பாவில்தான் வெந்நீர். கோஹர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, காலையிலும் மதியமும் மாலையிலும் தவிர.

இந்த நிலையில்தான் மகள் தூபாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தாய் சல்தனத் பீபி, பேருக்கேற்ற மாதிரி ஒரு சாம்ராஜ்யம். "மணமக்க தலைக்கு மேல வெள்ளைத் துணி பிடிச்சு, ரெண்டு சர்க்கரைக் கூம்ப ஒண்ணோட ஒண்ணு தேய்க்காம என் மகனுக்கு நிக்காஹ் ஓத விடமாட்டேன். இனிப்பு உதிராத குடும்பம் விளங்குமா?" என்று சொல்லிவிட்டாள். சர்க்கரையோ கண்ணில் காணக் கிடைக்கவில்லை, எல்லாம் படைகளின் வயிற்றுக்குப் போனது. ஷீராஸ் கிடங்கில் வேலை பார்த்த கோஹரின் தம்பி எப்படியோ இரண்டு கூம்புகளை ஒதுக்கி வைத்தான்.

அதை வாங்கிவர சஃப்தர் ஷீராஸுக்குக் கிளம்பும்போது கோஹர் கணவனின் கையைப் பிடித்துத் தூபாவின் தலையில் வைத்தாள்.

"தூபாவோட அப்பா, சத்தியம் பண்ணுங்க. அந்தச் சர்க்கரைய எவன் பாத்தாலும் 'உங்களோடது'ன்னு சொல்ல மாட்டேன்னு."

"மரியாதைக்குக்கூடவா?"

"மரியாதைக்குத்தான் சமோவார் போச்சு!"

சத்தியம் செய்தார்.

திரும்பி வரும்போது கிழவிக் கணவாயின் மூன்றாம் வளைவில் லாரியை மறித்தார்கள். ஓட்டுநர் நாம்தார் பழக்கப்பட்டவன். இயந்திரத்தை நிறுத்தி, காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினான். மலைக்காரர்களின் தலைவன் முராத், மீசைக்கு அளவில்லாத மனிதன், ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்தபடி பையைத் தடவிக்கொண்டு வந்தான். சஃப்தரின் மடியில் நீலக் காகிதம் சுற்றிய மூட்டை.

"இதென்ன மஷ்தி, பீரங்கிக் குண்டா?"

"சர்க்கரை, கான்."

முராத் காகிதத்தைப் பிரித்தான். "அடடா! பளிங்கு மாதிரி இருக்கு. நல்ல சர்க்கரை."

சஃப்தரின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார்.

முராத் காத்திருந்தான். "நல்ல சர்க்கரைன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு, கான்."

"விழுந்துச்சா? அப்புறம்?"

முராத்தோடு நின்ற இரண்டு ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். தங்கள் தலைவன் இப்படி அவமானப்படுவதை அவர்களால் பார்க்க முடியவில்லை.

"ஏம்ப்பா, துப்பாக்கிய நீட்டிப் புடுங்கிக்க எனக்குத் தெரியாதா? நான் என்ன நாயா? நீ தர்றேன்னு சொல்லு, நான் வேண்டாம்னு சொல்றேன், அப்புறம் புடுங்கிக்கறேன். எல்லாம் ஒரு முறையா நடக்க வேண்டாமா?"

சஃப்தர் அழுதுவிட்டார். சமோவார், சத்தியம், வெள்ளிக்கிழமைக் கல்யாணம், சல்தனத் பீபி எல்லாவற்றையும் கொட்டினார். முராத் சல்தனத் பீபி வரைக்கும் போகவே இல்லை. சமோவாரிலேயே நின்றுவிட்டான்.

"இரு இரு. எடுத்துக்குங்கன்னு நீ சொன்னதும் எடுத்துக்கிட்டானா? ஒரு தடவகூட வேண்டாம்னு சொல்லலையா?"

"தேங்க்யூன்னான், கான்."

"கொள்ளைக்காரப் பய!" என்று கத்தினான் முராத். அவன் ஆட்கள் துப்பினார்கள். "இவனுங்களையெல்லாம் பெத்தவ வளத்தாளா, இல்ல கழுதை வளத்துச்சா? இந்தா மஷ்தி, பிடி. உன் பொண்ணு தலையில இனிப்பு உதிரட்டும்." மூட்டையைச் சஃப்தரின் கையில் திருப்பி வைத்தான்.

அத்தோடு வண்டி கிளம்பியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெருந்தன்மைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க சஃப்தருக்குப் பிறவியிலேயே வராது.

"உங்களுக்கு இல்லாததா, கான்? உங்களோடதுதான், எடுத்துக்குங்க!"

"வேண்டாம் மஷ்தி."

"என் மேல ஆணையா, எடுத்துக்குங்க!"

"வேண்டாம்ங்கறேன்ல!" முராத்தின் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. நாம்தார் பின்னாலிருந்து சஃப்தரின் கோட்டைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் மூன்றாவதும் வெளியே வந்துவிட்டது.

"நீங்க வாங்கிக்கலைன்னா என் மனசு ஆறாது, கான்!"

முராத்தின் ஆள் மெதுவாகச் சொன்னான்: "மூணு தடவை ஆயிடுச்சு, அண்ணே."

"தெரியுது," என்றான் முராத் எரிச்சலோடு. வேறு வழியில்லாமல் மூட்டையை வாங்கிக்கொண்டான். கொள்ளையடித்துவிட்டு அவ்வளவு வருத்தமான முகத்தோடு நின்றவனைக் கணவாய் அதற்குமுன் கண்டதில்லை. போகிற லாரியிலிருந்து சஃப்தர் எட்டிப்பார்த்து, "வெள்ளிக்கிழமை அவசியம் வரணும், எல்லாரும் வரணும்!" என்று வேறு கத்தினார்.

வெறுங்கையோடு வந்து நின்ற கணவனைக் கோஹர் திட்டவில்லை. உட்கார்ந்தாள். "மூணு தடவையா?" என்று மட்டும் கேட்டாள். தூபா அடுத்த அறையில் கல்யாணத் துணிகளை மடித்துப் பெட்டியில் திரும்ப வைக்கத் தொடங்கினாள். அந்தப் பெட்டியின் மூடிச் சத்தம் சஃப்தரை அடித்தமாதிரி எந்த வசவும் அதற்குமுன் அடித்ததில்லை. இரண்டு நாள் அவர் யாருக்கும் வழிவிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முல்லா வந்தார், மாப்பிள்ளை வந்தான், பெண்கள் வெள்ளைத் துணியைப் பிடித்தார்கள். சல்தனத் பீபி "சர்க்கரை?" என்றாள். கோஹர் அடுப்பைப் பார்த்தாள். சஃப்தர் பெரிய முற்றத்தில் கண்ணில் படாத இடம் ஒன்றைத் தேடினார்.

அப்போது தெருவில் குதிரைக் குளம்புகள். அழைப்பை மதித்து முராத் வந்திருந்தான். துவைத்த சட்டை, முறுக்கிய மீசை. வாசலில், சாப்பிட வந்திருந்த காவல்படைக்காரர் ஒருவர் அவனை நேருக்கு நேர் சந்தித்தார். "நீங்க முதல்ல" என்றார். வாழ்க்கையில் அதை அவ்வளவு மனப்பூர்வமாக அவர் சொன்னதில்லை. முராத் உள்ளே வந்து நீலக் காகித மூட்டையைக் கோஹரின் முன் வைத்தான்.

"கல்யாணப் பொண்ணுக்கு என்னோட சீர், அக்கா. திருப்பித் தரலை, தப்பா நினைக்காதீங்க. வாங்கினது வாங்கினதுதான். இது புதுசா குடுக்கறது."

கூம்புகளைத் தேய்த்தார்கள். வெள்ளைத் துணியில் சர்க்கரைத் தூள் பொழிந்தது. மணப்பெண் இரண்டு தடவை வெட்கப்பட்டுப் பேசாமலிருந்து, மூன்றாவது கேள்விக்குத்தான் சம்மதம் சொல்வது வழக்கம். முல்லா முதல் தடவை கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்!" என்று கத்திவிட்டாள் தூபா. அப்பா பக்கத்திலேயே இருக்கும்போது சர்க்கரையை நம்பி அவளால் காத்திருக்க முடியவில்லை.

விருந்து முடிந்து முராத் விடைபெற்றபோது, கோஹர் வாசல்வரை வந்தாள். அவனுடைய சாம்பல்நிறக் குதிரையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள்.

"நல்ல குதிரை" என்றாள்.

முராத்தின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஆண்மகன். கை நெஞ்சுக்குப் போனது. "உங்களோடதுதான் அக்கா, எடுத்துக்குங்க."

கோஹர் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"தேங்க்யூ."

சஃப்தர் மறுநாளே குதிரையைத் திருப்பித் தரக் கணவாய்க்குப் போனார். முராத் வாங்கிக்கொள்ளவில்லை. இம்முறை சஃப்தர் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குதிரை செத்தும் பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு மார்கழிக் குளிரில் சஃப்தர் படுக்கையில் விழுந்தார். கோஹர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தூபாவோட அப்பா, உயிரை எடுக்க அந்த மலக்கு வந்தா உங்களோடதுதான்னு சொல்லிடாதீங்க" என்றாள். அவர் சிரித்தார். கதவுப் பக்கம் பார்த்து, கையை மெல்ல நெஞ்சில் வைத்தார்.

"ரெண்டு தடவைதான் சொல்லுவேன், கோஹர்" என்றார்.

அவரும் இரண்டோடு நிறுத்தியிருப்பார். ஆனால் முதல் தடவையிலேயே உயிர் போய்விட்டது. வந்தவர்தான் வெளியூர்க்காரர் போலிருக்கிறது.