ராட்டினத்துக்கும் லீவு

கரவனெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மழை பெய்தால் எங்களுக்கு வேலை இல்லை. அதனால், கொழும்புப் பக்கம் இருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கு மழைநாளில்தான் போவது என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தேன். பல மாதமாக அவள் பேச்செல்லாம் அங்குள்ள பெரிய ராட்டினம்தான்.

ஒரு விடியலில் மழை கொட்டியது. "அம்மா, இன்னைக்குப் போறோம்!" என்று குதித்தாள். பஸ் ஏறிப் போனோம்.

"மழை பெய்தால் இங்கே எந்த ராட்டினமும் ஓடாது," என்று வாசல் காவலாளி சிங்களத்தில் சொன்னார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கூசிப்போனேன். அவர் இரக்கப்பட்டு உள்ளே கூரையடியில் நிற்க விட்டார்.

மழைக்குள் ராட்டினம் அசையாமல் நின்றது. அதன் உச்சி மேகத்தில் கரைந்திருந்தது. மகள் அழுவாள் என்று பயந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம்மா, அதுக்கும் இன்னைக்குத்தானே லீவு," என்றாள்.

இப்போதும் மழைச் சத்தத்தில் கண்விழித்துப் புரண்டு படுத்தால், அந்த ராட்டினமும் எங்கோ புரண்டு படுப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.